நிறம் கழுவுகிறவள்

அந்தப் பட்டறையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. வாசல் காவலாளியிலிருந்து முதலாளி வரைக்கும் எல்லோருக்கும் அவள் பேஸ்ட் அக்காதான். எவர்சில்வர் தொட்டிகளும் குழாய்களும் செய்கிற பட்டறை அது. பால் காய்ச்ச, மருந்து கலக்க, மீனை உப்புநீரில் போட்டு வைக்க என்று எங்கெங்கோ போகிற தொட்டிகள். வெல்டர்கள் தகடுகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்துப் பற்றவைத்து முடித்ததும் எல்லாம் பின்கட்டில் இருந்த கழுவும் ஷெட்டுக்கு, அவளிடம் வந்து சேரும். அவள் ஒட்டுகளின் மேல் அமிலப் பசையைத் தடவுவாள், பொறுத்திருப்பாள், பிரஷால் தேய்ப்பாள், குழாயால் தண்ணீரைப் பீய்ச்சி அலசுவாள். கேட்கிறவர்களுக்கு இது பாத்திரம் தேய்க்கிற வேலை மாதிரித்தான் தோன்றும். அப்படி வாய் தவறிச் சொல்லிவிட்டு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உண்டு.

உண்மையில் அவள் கழுவியது அழுக்கை அல்ல, நிறத்தை. எவர்சில்வரைப் பற்றவைத்தால் ஒட்டின் இரண்டு பக்கமும் நிறம் பூக்கும். வெளியோரத்தில் இளம் பொன், அதற்குள் செம்பு, அதற்குள் ஊதா, ஒட்டை நெருங்க நெருங்க நீலம். யாரும் பூசாத நிறம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்கு அதை அழிக்கவே கை வரவில்லை. பசைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். இவ்வளவு அழகாக இருப்பதை எதற்குத் துடைக்க வேண்டும் என்று மேஸ்திரியிடம் கேட்டே விட்டாள். அழகுக்காக யாரும் தொட்டி வாங்குவதில்லை என்று அவர் சொல்லிவிட்டுப் போனார்.

போகப் போக அவளுக்கே விஷயம் பிடிபட்டது. எவர்சில்வருக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் இருக்கிறது. தகட்டில் கலந்திருக்கிற குரோமியம் காற்றோடு சேர்ந்து தானே போட்டுக்கொள்கிற தோல். துரு வராமல் காப்பது அதுதான். பற்றவைக்கிற சூட்டில் அந்தத் தோல் தாறுமாறாகத் தடித்துவிடும். அந்தத் தடிப்புதான் நிறமாகத் தெரிகிறது. அதற்கு வேண்டிய குரோமியத்தை அடித்தகட்டிலிருந்து உறிஞ்சிக்கொள்வதால் அடியில் இருப்பது நலிந்துபோகிறது. நிறத்தை அப்படியே விட்டால் முதல் உப்புத் தண்ணீர் பட்டதும் அங்கேதான் துரு பிடிக்கும். பசை நிறத்தையும் தின்னும், அடியில் நலிந்த மெல்லிய படலத்தையும் தின்னும். நன்றாக அலசிக் காற்றாட விட்டால் புதுத் தோல் தானாக வந்துவிடும். அழித்தால்தான் பிழைக்கும். இது புரிந்த பிறகும், அழிக்கிறதற்கு முன்னால் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் அழிப்பாள். அந்த ஒரு நிமிஷத்துக்குச் சம்பளம் கிடையாது, ஆனால் அதற்காகத்தான் அவள் தினமும் வேலைக்கு வந்தாள் என்று எனக்குத் தோன்றும்.

பார்த்துப் பார்த்து அவளுக்கு ஆட்களையே அடையாளம் தெரிந்தது. வெல்டிங் ராடு வைத்துப் பற்றவைக்கிறவர்களின் ஒட்டு கசடும் தெறிப்புமாக, சண்டை போட்டுவிட்டு வந்ததுபோல் வரும். அவற்றைச் சுரண்டவே பாதிப் பொழுது போய்விடும். ஆர்கான் வாயு விட்டுப் பற்றவைக்கிறவர்களுடையது சுத்தமாக வரும். அவர்களுக்குள்ளும் கைக்குக் கை வேறுபாடு உண்டு. ஒருவர் கை பரபரப்பு, நிறம் விட்டுவிட்டு வரும். ஒருவர் சந்தேகப் பிராணி, ஒரே இடத்தில் நின்று நின்று போவார், நிறம் திட்டுத்திட்டாகப் படியும். ஒருவருடையது மட்டும் நூல் பிடித்ததுபோல் இரண்டு மெல்லிய பொன்கோடு. நீலமே தெரியாது. கரண்டைக் குறைவாக வைத்து, நிற்காமல், பதறாமல் போகிற கை அது. தகட்டுக்குச் சூடு வைக்கிறதும் தெரியாது, எடுக்கிறதும் தெரியாது.

அந்த ஆளின் முகத்தைப் பார்க்கிறதற்கு வெகு காலம் முன்பே அந்தப் பொன்கோடு அவளுக்குப் பழகிவிட்டது. வெல்டர்கள் எல்லோரும் முகமூடிக்குள் இருப்பார்கள், யார் யாரென்று தெரியாது. ஒரு மத்தியானம் ஒருவர் முகமூடியை நெற்றிக்கு மேல் தூக்கிவிட்டுக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார். "என் குழாய் மட்டும் ஏங்க கடைசியா வெளியில வருது? நான் என்ன தப்பு பண்ணினேன்?" என்று கேட்டார். அவள் என்ன சொல்வாள்? பார்த்துக்கொண்டே நின்றுவிடுகிறேன் என்றா சொல்ல முடியும்? தண்ணீர் வரத்து குறைவு என்று பொய் சொன்னாள். அன்றைக்குக் குழாயில் தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருந்ததை அவரும் பார்த்தார். அதற்கப்புறம் அவர் தண்ணீர் வரத்தை விசாரிக்க அடிக்கடி வர ஆரம்பித்தார். அந்த விசாரணை கல்யாணத்தில் போய் முடிந்தது.

அவர்களுடைய வாழ்க்கையை எழுதச் சொன்னால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு மகள், கட்டிக்கொடுத்து வேறு ஊரில் இருக்கிறாள். இரண்டு அறை வீடு. வீட்டிலிருந்து பட்டறைக்குக் கால்வாய் ஓரமாக ஒரு நடைபாதை. காலையில் தண்ணீருக்கு மேல் பனி நின்றுகொண்டிருக்கும்போது இருவரும் அதில் நடந்து போவார்கள். அவர் கொஞ்சம் முன்னால், அவள் கொஞ்சம் பின்னால், பேச்சு அதிகம் இருக்காது. பாதி வழியில் அவர் நின்று திரும்பிப் பார்ப்பார், அவள் வந்து சேர்ந்ததும் நடப்பார். பட்டறை வாசலில் பிரிந்து அவர் முன்கட்டுக்கும் அவள் பின்கட்டுக்கும் போவார்கள். பகல் முழுக்க ஒருவரை ஒருவர் பார்க்க மாட்டார்கள். ஆனால் அவர் கை பட்ட தகடு சூடு ஆறி அவள் கைக்கு வந்துகொண்டே இருக்கும். எந்தப் புருஷன் பெண்டாட்டிக்கு இப்படி நாள் முழுக்கப் பேச்சு இருந்திருக்கிறது? அவளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அந்த நடையும் அந்தப் பொன்கோடும் இருக்கிற வரைக்கும் அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

பொன்கோடு மாறியதை முதலில் அவள் நம்பவில்லை. வெளிச்சம் சரியில்லை என்று நினைத்தாள். தகட்டை வாசல் பக்கம் இழுத்துப் போட்டுப் பார்த்தாள். கோடு கொஞ்சம் அகன்றிருந்தது. உள்ளே செம்பு தெரிந்தது. அடுத்த வாரங்களில் ஊதா வந்தது, பிறகு நீலம். மழை தொடங்குவதற்குள் ஒட்டை ஒட்டினாற்போல் சாம்பல் படிந்திருந்தது. கரண்டை யாரும் கூட்டவில்லை, கைதான் நின்று நின்று போகிறது என்று நிறமே சொல்லிவிட்டது. வேறு யாருக்கும் அது தெரியாது. மேஸ்திரி டார்ச் லைட் அடித்துச் சோதிக்கிறது கழுவிய பிறகுதான். அவள் புருஷனுக்கும் தெரியாது. போட்ட ஒட்டைத் திரும்பிப் பார்க்கிற வழக்கம் அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. சந்தேகம் உள்ளவன்தான் திரும்பிப் பார்ப்பான் என்பது அவருடைய கர்வம். அந்தக் கர்வத்தை அவளும் இத்தனை காலம் ரசித்துத்தான் வந்தாள்.

வீட்டில் அவரைக் கவனிக்க ஆரம்பித்தாள். தேநீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தார். எழுந்ததும் வலது கை விரல்களை மடக்கி நீட்டி, மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். டாக்டரிடம் காட்டலாமே என்று ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். அவர் பிடி கொடுக்கவில்லை. வயசானால் கை நிதானப்படும், நிதானம் வந்தால் வேலை சுத்தப்படும் என்று சிரித்தார். அவர் அப்படிச் சிரிக்கும்போது அதற்கு மேல் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

அதனால் அவள் கழுவினாள். மற்றவர்கள் ஒட்டுக்கு ஒரு தடவை பசை என்றால் அவர் ஒட்டுக்கு இரண்டு தடவை. தடித்துப் பூசி, கூடுதலாக ஊறவிட்டு, கை ஓயும் வரைக்கும் தேய்த்தாள். நீலம் போய், சாம்பல் போய், கடைசியில் எல்லோருடைய ஒட்டையும்போல வெள்ளையாக, பால் நிறத்தில் வந்து நின்றது. மேஸ்திரி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, உன் வீட்டுக்காரர் கையே கை என்று பாராட்டினார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே குனிந்து குழாயைத் திறந்தாள். புருஷன் தப்பை யாருக்கும் தெரியாமல் தினமும் அவள்தான் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தாள். அந்த நாட்களில் ஷெட்டில் நிற்கும்போது கனவில் நிற்பதுபோல் இருந்தது என்று பின்னால் மகளிடம் சொன்னாள். தண்ணீர் விழுகிற சத்தம் தவிர ஒன்றும் கேட்காதாம். பொன்னும் ஊதாவும் காலடியில் ஓடிக் கால்வாயில் கலப்பதுபோல் தோன்றுமாம். கழுவின தண்ணீரில் நிறம் எங்கே இருக்கும்? ஆனால் அவளுக்குத் தெரிந்ததாம்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. பசை மேலே இருக்கிறதைத்தான் தின்னும். சூடு ஒரே இடத்தில் அதிக நேரம் நின்றால் தகட்டின் உள்ளேயே வேறொரு கெடுதல் நடந்துவிடும். ஒட்டிலிருந்து ஒரு விரல் தள்ளி, இரும்பில் இயல்பாகவே கலந்திருக்கிற கரி குரோமியத்தைப் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொள்ளும். முடிச்சைச் சுற்றிலும் தகடு வறண்டுபோகும். வெளியில் பளிச்சென்று இருக்கும், உள்ளே காவல் இருக்காது. எந்தப் பசையும் அங்கே எட்டாது. இது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், தன் கையால் ஆகாததில்லை என்று நம்பிக்கொள்ள ஆசைப்பட்டாள். ஆசைப்பட்டாள் என்பதுதான் உண்மை, நம்பவில்லை.

மீன் பதனிடுகிற இடத்துக்குப் போன உப்புநீர்த் தொட்டி ஒன்று திரும்பி வந்தது. லாரியிலிருந்து இறக்கியபோதே அவள் பார்த்துவிட்டாள். ஒட்டு வெள்ளையாகவே இருந்தது. ஒட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரு விரல் தள்ளிப் பழுப்பாக ஒரு கோடு, ஒட்டுக்குத் துணைபோல நீள ஓடியிருந்தது. ஓரிடத்தில் கசிவும் கண்டிருந்தது. மேஸ்திரி சுற்றிச் சுற்றி வந்தார். அமிலத்தை மிச்சம் விட்டால்கூடக் கறை வரும். அதனால் முதலில் அவளைத்தான் கேட்டார், சரியாக அலசினாயா என்று. அலசினேன் என்று சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி முன்கட்டுக்குப் போயிருக்கும். அவள் தலையைக் குனிந்துகொண்டு, அன்றைக்கு அவசரத்தில் சரியாக அலசாமல் விட்டிருப்பேன் என்றாள். மேஸ்திரி விவரம் தெரிந்தவர். அந்தக் கோடு அலசாத கறை மாதிரி இல்லை என்று அவருக்கு உறுத்தியிருக்கத்தான் வேண்டும். ஆனால் எளிதான பதில் கைக்கு வந்த பிறகு கஷ்டமான கேள்வியை யார் தேடிப் போவார்கள்? இனிமேல் அவள் கழுவுவதை வேறொருவர் மேற்பார்வை பார்ப்பார் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார். அத்தனை வருஷ வேலையில் அவளுக்குக் கிடைத்த முதல் அவமானம் அது.

அதையும் தாங்கிக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்ததும் புருஷன் கோபித்துக்கொண்டதுதான் தாங்கவில்லை. கோபம்கூட இல்லை, வருத்தம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "நான் பார்த்துப் பார்த்துப் போட்ட ஒட்டும்மா அது. அலசறதுல போய் அலட்சியம் பண்ணிட்டியே. உன்கிட்ட இதை நான் எதிர்பார்க்கல." அவள் அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் என்ன நடக்கும் என்பதும் கூடவே வந்தது. வெல்டருக்குக் கை போய்விட்டது என்றால் வேலை போய்விடும். நாளைக் காலை கால்வாய் ஓரத்தில் அவள் தனியாக நடப்பாள். அவர் இந்தக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். சொல்லாமல் விழுங்கிவிட்டாள்.

அடுத்து வந்த வேலை ஒரு பெரிய தொட்டி. உயரத்தில், கால்கள் மேல் நிற்கப் போவது. கொதிக்கிற உப்புநீர் அதில் நிற்கும், அடியில் ஆட்கள் நின்று வேலை செய்வார்கள். தகடுகளை வளைத்துச் சேர்த்த முதல் வளையம் ஷெட்டுக்கு வந்தபோது அதில் நான்கு பேர் கை இருந்தது. அவர் கை எது என்று பார்க்க அவளுக்கு நேரம் ஆகவில்லை. உள்ளங்கை அகலத்துக்கு நீலம், நடுவே கறுத்துச் சாம்பல் பூத்திருந்தது. பசைக் கிண்ணத்தை எடுத்தாள். தொட்டிக்கு அடியில் நிற்கப்போகிறவர்கள் யாரென்று அவளுக்குத் தெரியாது. ஆனால் யாரோ ஒருத்தியின் புருஷன் அங்கே நிற்பான் என்று தோன்றியது. கிண்ணத்தைக் கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள். கடைசியில் மற்ற மூன்று பேர் ஒட்டையும் கழுவி முடித்தாள். அதை மட்டும் தொடவில்லை. மேற்பார்வைக்கு வந்தவரிடம், என் வீட்டுக்காரரைக் கொஞ்சம் வரச்சொல்லுங்கள் என்றாள்.

அவர் முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கையுறையோடு வந்தார். மத்தியான வெயில் சரிந்து ஷெட்டுக்குள் விழுந்திருந்தது. ஈரத் தரையிலிருந்து வெளிச்சம் மேலே எழும்பித் தகட்டில் ஆடிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் நீலம் இன்னும் ஆழமாகத் தெரிந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை. அவர் குனிந்து பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"யாரு இது, புதுசா சேர்ந்தவனா? ஒட்டச் சொன்னா வேக வச்சிருக்கான்."

எத்தனையோ விதமாகச் சொல்ல ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"நீங்கதாங்க. இன்னிக்குக் காலையில போட்டது."

அவர் விளையாட்டு என்று நினைத்து அவள் முகத்தைப் பார்த்தார். விளையாட்டு இல்லை என்று தெரிந்ததும் மறுபடி குனிந்தார். இந்தத் தடவை ஒட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் கண்ணால் நடந்து போனார். முடிகிற இடத்தில் அவர் எப்போதும் வெல்டிங் டார்ச்சை வெடுக்கென்று எடுக்க மாட்டார். குழி விழாமல் உள்ளே மடித்து, சின்னதாக ஒரு வால் விட்டு எடுப்பார். அந்த வால் அங்கே இருந்தது. அதன் மேல் கையுறை விரலை வைத்தபடி அப்படியே நின்றார்.

"இது மாதிரி எவ்வளவு நாளா?"

"மழைக்கு முன்னாடியிலேருந்து."

"நீ கழுவிக்கிட்டே இருந்தியா?"

அவள் ஆமாம் என்று தலையை அசைத்தாள். ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்பார் என்று காத்திருந்தாள். அதற்கு ஒரு பதில் வைத்திருந்தாள். காலையில் நீங்கள் பாதி வழியில் திரும்பிப் பார்க்காவிட்டால் எனக்கு நடக்க வராது என்பதுதான் அந்தப் பதில். ஆனால் அவர் அதைக் கேட்கவில்லை. அவர் மனசு வேறெங்கோ போயிருந்தது. உப்புநீர்த் தொட்டிக்கும் கட்டில் ஓரத்துக்கும் போயிருந்தது. முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. அவள் அவரை அவ்வளவு வெட்கத்தில் பார்த்ததே இல்லை.

"அந்த டேங்க்கும் என் கைதான். நான் உன்னைப் பேசினேனே."

அதைப் பற்றிப் பேசினால் அழுதுவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும். கழுவட்டுமா என்று மட்டும் மெதுவாகக் கேட்டாள். அவர் வேண்டாம் என்றார். ஷெட் வாசலுக்குப் போய், முன்கட்டுப் பக்கம் திரும்பி, மேஸ்திரியைக் கூப்பிட்டார். சத்தம் கேட்டு மேஸ்திரி வந்தார், பின்னாலேயே மற்ற வெல்டர்கள் ஒவ்வொருவராக முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். கிரைண்டர் சத்தம்கூட நின்றுவிட்டது.

அவர் தகட்டைக் காட்டினார். இது என் ஒட்டு, அறுத்து எடுத்துவிட்டு வேறு கை வைத்துப் போடச் சொல்லுங்கள் என்றார். திரும்பி வந்த தொட்டியும் தன் வேலைதான், சூடு நின்று உள்ளே கெட்டுப்போனது, அலசியதில் ஒரு குற்றமும் இல்லை என்றார். அவள் அலசுவதை இனி யாரும் நின்று பார்க்க வேண்டாம் என்றும் சொன்னார். மேஸ்திரி ஒட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சரி என்று மட்டும் சொன்னார்.

அவள் புருஷன் கையுறையைக் கழற்றப் போனார். இடது கையுறை வந்துவிட்டது. வலது கையுறை வரவில்லை. விரல்கள் மடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டன. இழுத்துப் பார்த்தார், பல்லால் கடித்தும் பார்த்தார். அத்தனை பேரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்து ஒரு கணம் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பிறகு என்ன நினைத்தாரோ, அதை அவள் முன்னால் நீட்டினார். அவள் பசைக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். தன் ரப்பர் கையுறைகளை உருவிப் போட்டுவிட்டு, அவருடைய கையுறையை விரல் விரலாக நெகிழ்த்தி, அவசரப்படாமல் கழற்றினாள். உள்ளே கை சூடாக, வேர்வையில் நனைந்து, மடங்கியபடியே இருந்தது. அவள் அதைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். பட்டறையே பார்த்துக்கொண்டிருந்தது, அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.